ஆளில்லாத படம்

ஒரு நகரத்தைப் பாழாக்க வேண்டுமென்றால் முதலில் ஆட்களை எடுக்க வேண்டும். இடிப்பதெல்லாம் பிறகுதான். சுவரில் எவ்வளவு பெரிய விரிசல் விட்டாலும், கூரையில் அரசமரமே முளைக்க வைத்தாலும், தாழ்வாரக் கம்பியில் ஒரு ஈரத்துண்டு தொங்கினால் போச்சு. பார்க்கிறவன் கண் நேரே அந்தத் துண்டுக்குப் போகும். யாரோ இப்போதுதான் குளித்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். பிறகு மரத்தை நம்பமாட்டான்.

ரெபேக்காவுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. செய்து செய்து தெரிந்துகொண்டாள். டெல்லி கரோல் பாகில் ஒரு சூட்கேஸ் கடைக்கு மேலே இருந்தது அவள் வேலை பார்த்த ஸ்டூடியோ. பெரும்பாலும் கல்யாணப் படங்கள்தான் வரும். மணப்பெண்ணின் பருக்களை எடுக்க வேண்டும், மாமனாரின் வழுக்கையில் விழுந்த வெளிச்சத்தைத் தணிக்க வேண்டும். எப்போதாவது ஒரு போஸ்டர் வரும். அந்த ஜனவரியில் ஒன்று வந்தது. நோயோ போரோ ஏதோ வந்து டெல்லி காலியாகிவிடுகிற வெப் சீரிஸ்.

"இந்தியா கேட் வேண்டாமாம். குதுப் மினார் வேண்டாமாம்," என்றான் முதலாளி நிகில், இந்தியில். "ஊரே அதைத்தான் உடைத்துக்கொண்டிருக்கிறதாம். சாதாரணக் கட்டடம் வேண்டும். குடித்தனம் இருக்கிற மாதிரி ஒன்று. ஜல்தி பார்."

டீ கொண்டுவந்த பவுனு நின்று கேட்டாள். ஸ்டூடியோவைக் கூட்டித் துடைத்து டீ போடுகிறவள் அவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் டெல்லிக்கு வந்தவள். ரெபேக்காவின் பெற்றோர் நாகர்கோவில். ரெபேக்கா பிறந்தது இங்கே. அவள் பேசும் தமிழைக் கேட்டுப் பவுனுக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் அந்த மாடியில் தமிழ் பேச வேறு ஆளில்லை.

"எங்க வூட்டை வந்து எடேன் பாப்பா," என்றாள் பவுனு. "நீ ஒண்ணும் ஒடைக்கக்கூட வேணாம். பாதி அதுவே ஒடைஞ்சிதான் கெடக்குது."

பவுனின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மூடிப்போன துணி மில்லின் பழைய குவார்ட்டர்ஸில் இருந்தது. மூன்று மாடி. மாடிக்கு ஒரு நீளத் தாழ்வாரம், தாழ்வாரம் முழுக்கக் கதவுகள். மில் மூடி ஆட்கள் கலைந்த பிறகு அந்த அறைகளில் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வீட்டு வேலை, கட்டட வேலை, பெயிண்ட் வேலை. கட்டடம் ஆபத்தானது, உடனே காலி செய்யவும் என்று போன டிசம்பரில் சர்க்கார் ஆபீஸிலிருந்து வந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் போகவில்லை. போக இடமில்லை. நோட்டீஸ் மேல் பிள்ளைகள் கரியால் மூன்று ஸ்டம்ப் வரைந்திருந்தார்கள்.

பிப்ரவரியில் பனி விலகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரெபேக்கா தன் வீடு இருந்த துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கினாள். கட்டடத்துக்கு எதிரே குப்பைமேட்டில் ஸ்டாண்டை நட்டுக் கேமராவை வைத்தாள். இரண்டு மூன்று படம் எடுத்துப் பார்த்தாள். நல்ல வெளிச்சம். ஆனால் மூன்று தாழ்வாரத்திலும் துணி, பக்கெட், கட்டில், தலை வாரிக்கொள்கிற பெண்கள், ஓடுகிற பிள்ளைகள். ஒரு புடவையைப் படத்திலிருந்து எடுத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற சுவரை அவள்தான் வரைய வேண்டும். இத்தனை புடவைக்கும் சுவர் வரைவதென்றால் வாரக்கணக்கில் உட்கார வேண்டும்.

இந்தத் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. முடிந்தால் ஆட்களை நகர்த்திவிட்டு, இடத்தை வெறுமையாக ஒரு படம் எடுத்துக்கொள்வது. எல்லாரும் செய்வது.

"பவுனக்கா, ஒரு பத்து நிமிஷம் எல்லாரும் உள்ளே போய் கதவு சாத்திக்கிட்டா நல்லா இருக்கும். துணியும் எடுத்துடணும். முடியுமா?"

"அதுக்கென்னா," என்ற பவுனு மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

கீழ்த்தளத்தில் தண்ணீர் கேன் போடும் சேட்டு என்பவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். "ஊரே செத்துப்போன கதையாமே. பொணமா படுக்க ஆள் வேணாமா? நான் சும்மாதான் இருக்கேன்."

"நீ எப்பவும் அப்பிடித்தான கெடக்குற. உள்ள போ," என்றாள் பவுனு. மூன்று மாடியும் சிரித்தது.

சொன்னதற்கு மேலேயே செய்தார்கள். துணிகள் போயின. பக்கெட்டுகள் போயின. காயவைத்த மிளகாய், டப்பாவில் வளர்த்த துளசி, செருப்புகள் எல்லாம் போயின. யாரோ ஒருத்தி ஓடிவந்து வாசலில் போட்டிருந்த கோலத்தின்மேல் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிவிட்டுப் போனாள். கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொண்டன. இரண்டாம் மாடியில் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிரித்தது, ஒரு அடி விழுந்தது, சத்தம் நின்றது.

ரெபேக்கா படம் எடுத்தாள். நிறைய எடுத்தாள். வெறும் சுவர், வெறும் கம்பி, மூடிய கதவுகள். துடைத்துவைத்த மாதிரி ஒரு படம் கிடைத்தது. அன்று மாலையே மற்றவற்றை அழித்துவிட்டாள். வேண்டாததை வைத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமில்லை.

பிறகு பாழாக்கினாள். அது அவளுக்குப் பிடித்த வேலை. மூன்றாம் மாடிக் கூரையை உள்ளே சரித்தாள். கதவுகளில் பாதியைப் பெயர்த்துத் தொங்கவிட்டாள். சுவரில் மழைக்கறை இறக்கினாள், கறை பிடித்த இடத்தில் பாசி, பாசி பிடித்த இடத்தில் வேர். பவுனின் வீட்டுக்கு மேலே ஒரு அரசமரம் நட்டாள். வானத்தில் சூரியனை அழுக்காக்கினாள். நிகில் பின்னால் வந்து நின்று பார்த்தான். "அச்சா," என்றான். அவன் அதிகம் சொல்லமாட்டான்.

மார்ச்சில் போஸ்டர் ஊரெங்கும் வந்தது. பவுனு மெட்ரோ ஸ்டேஷனில் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். "என் தலை மேல மரம் மொளைச்சிருக்குது," என்று எல்லாரிடமும் காட்டினாள். சேட்டு அதைத் தன் வாட்ஸ்அப் படமாக வைத்துக்கொண்டான்.

அதே மாதம்தான் இன்னொரு செய்தியும் வந்தது. குவார்ட்டர்ஸை இடிக்கப்போகிறார்கள். அதில் குடியிருக்கிறவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில் அடுக்குமாடியில் வீடு தருவார்கள். தூரம்தான், ஆனால் சொந்த வீடு. பவுனின் புருஷன் தர்மன் பெயிண்டர். புது வீட்டுக்கு என்ன கலர் அடிப்பது என்று அவனுக்கும் மகளுக்கும் சண்டைகூட வந்துவிட்டது.

மே மாதம் ஒரு நாள் பவுனு வேலைக்கு வந்தவள் துடைப்பத்தை எடுக்கவில்லை. ரெபேக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாப்பா, வூடு இல்லன்றாங்க."

"ஏன்?"

"நோட்டீஸ் ஒட்டினதும் ஜனவரியிலயே நாங்க எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயிட்டமாம். வூடு குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டுத் திரும்பி வந்து உக்காந்துட்டமாம். ஆபீஸ்காரன் எழுதியே வச்சிருக்கான். அதுக்கு ஒரு படத்தை வேற ஒட்டியிருக்கான்."

"என்ன படம்?"

"உன் படந்தான்."

ரெபேக்கா போனில் தேடினாள். தேட வேண்டியே இருக்கவில்லை. போஸ்டரிலிருந்து எழுத்தை வெட்டிவிட்டு யாரோ அதைப் பரப்பியிருந்தார்கள். டெல்லி நடுவில் ஒரு பேய்க்கட்டடம், பல வருடமாக ஆளே இல்லை என்று கீழே இந்தியில் எழுதியிருந்தது.

"ரேஷன் கார்டு இருக்குமே, அக்கா."

"இருக்குது. அது அங்க குடியிருந்தோம்னுதான் சொல்லுமாம். ஜனவரிக்கு அப்புறமும் இருந்தோம்னு சொல்லாதாம். கரண்டு மொத்தத்துக்கும் ஒரே மீட்டரு, மில்லு பேருல. போன்ல இருக்கற போட்டோவெல்லாம் காட்டினோம். எவன் வூட்டுச் செவுரு இதுன்னு கேக்குறான்." பவுனு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீ வந்து இது கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு சொல்லு பாப்பா. அது போதும். எங்களுக்காகப் பேசுற வக்கீலு பொண்ணும் அதைத்தான் சொல்லுது."

"வர்றேன் அக்கா. ஒரிஜினல் என்கிட்ட பத்திரமா இருக்கு."

பவுனு அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

வக்கீல் ஸ்ம்ருதி சின்னப் பெண். ஒரே நேரத்தில் பத்து காலனிகளுக்காக ஓடிக்கொண்டிருந்தாள். போனில் கேட்டாள்: அசல் படம் இருக்கிறதா, தேதியோடு? இருக்கிறது என்றாள் ரெபேக்கா. எடிட் செய்யாததா? ஆமாம், ஒரு புள்ளிகூடத் தொடாதது. இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

நிகிலுக்குப் பிடிக்கவில்லை. "அது கம்பெனி படம். நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்றான். ரெபேக்கா லீவு போட்டுவிட்டுப் போனாள்.

விசாரணை நடந்த அறையில் ஏசி இருந்தது. முன்வரிசையில் ஆபீஸ் ஆட்கள். பின்னால் குவார்ட்டர்ஸ்காரர்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். பெண்கள் கோயிலுக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தார்கள். அதிகாரி வயதானவர், மரியாதையானவர். ரெபேக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

அவள் லேப்டாப்பைத் திறந்து சுவரில் பெரிதாகத் தெரியும்படி வைத்தாள். பாழடைந்த கட்டடம் வந்தது. பிறகு, தான் சேர்த்த ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். அரசமரம் போயிற்று. பின்வரிசையில் யாரோ "ஹா" என்றார்கள். வேர்கள் போயின. பாசி போயிற்று. கூரை எழுந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. தொங்கிய கதவுகள் நேராகின. விரிசல்கள் மூடின. சூரியன் சுத்தமாயிற்று. ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து சத்தம் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் முழுக் கட்டடமும் காலை வெயிலில் நின்றபோது சேட்டு கைதட்டினான். பியூன் அவனை அதட்டினான்.

"இதுதான் உண்மையான படம்," என்றாள் ரெபேக்கா. "பிப்ரவரியில் எடுத்தது. தேதி கேமராவே போட்டது. இதில் நான் எதையும் தொடவில்லை."

அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படத்தின் பிரதியையும் வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"மேடம், மரம் பொய் என்று எங்களுக்குத் தெரியாதா? நாங்கள் குழந்தைகள் இல்லை. கட்டடம் இடிந்துவிட்டது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. காலியாக இருந்தது என்றுதான் சொல்கிறோம்." பேனாவால் சுவரைக் காட்டினார். "இதில் ஆள் எங்கே?"

ரெபேக்கா திரும்பிப் பார்த்தாள்.

எத்தனையோ நாள் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு செங்கல்லும் தெரியும். அவளைப் பொறுத்தவரை அது தொடங்குகிற இடம். அதற்கப்புறம் செய்ததுதான் வேலை. கம்ப்யூட்டரில் எடுத்தால்தான் எடுத்தது. குப்பைமேட்டில் நின்றுகொண்டு ஆட்களை வாயால் சொல்லி எடுத்ததை அவள் கணக்கில் வைக்கவே இல்லை. இப்போது பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை, பனி விலகிய வெயில். மூன்று தாழ்வாரத்திலும் ஒரு துண்டு இல்லை. ஒரு செருப்பு இல்லை. எல்லாக் கதவும் மூடியிருந்தது.

"உள்ளேதான் இருந்தார்கள்," என்றாள். "நான்தான் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். துணியை எடுக்கச் சொன்னேன். எங்கள் வேலையில் அப்படித்தான் செய்வோம்."

"இப்போதுதான் எதையும் தொடவில்லை என்று எழுதிக் கொடுத்தீர்கள்."

"படத்தில் தொடவில்லை."

"ஆள் இருக்கிற படம் ஒன்றுகூட எடுக்கவில்லையா?"

"எடுத்தேன். அழித்துவிட்டேன்."

அதிகாரி தலையை ஆட்டினார். அதில் கோபமில்லை. பக்கத்திலிருந்தவர் எழுதிக்கொண்டார். ஸ்ம்ருதி எழுந்து ஏதேதோ பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். பின்வரிசைக்கு இந்தி தெரியும். ஆனாலும் என்ன நடந்தது என்று புரிய அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் யாரோ ஒருத்தி தமிழில் கேட்டாள்: "நல்லாத்தான ஒளிஞ்சிக்கிட்டோம். அது தப்பா?"

வெளியே வராந்தாவில் ஸ்ம்ருதி ரெபேக்காவிடம், "என்னிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம்," என்றாள். பிறகு, "நானும் கேட்டிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த காலனியின் கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சேட்டு கிட்டே வந்தான். அன்று முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"ஏம்மா, இருக்கறவங்களை எடுக்கத் தெரியுதில்ல. எடுத்தவங்களைத் திரும்ப வைக்கத் தெரியாதா? எங்க போட்டோவெல்லாம் தர்றோம். தாவாரத்துல அப்பிடியே நிக்கவச்சிக் குடு."

"வைக்கலாம் அண்ணா. ஆனா ஒரிஜினல் அவங்ககிட்ட இருக்கு. நான்தானே கொடுத்தேன். இனி நான் எதைக் கொடுத்தாலும் பொய்னு சொல்லிடுவாங்க."

"நாங்க இருக்கற படம் பொய்யி. இல்லாத படம் நெசம்."

பவுனு சேட்டுவின் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுய்யா. அது என்னா பண்ணும்," என்றாள். ரெபேக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜூனில் உத்தரவு வந்தது. வீடு யாருக்கும் இல்லை. மழை பிடிப்பதற்குள் இயந்திரங்கள் வந்து கட்டடத்தை இடித்து, ரயில் பாதை வரை தரையைச் சமமாக்கிவிட்டுப் போயின. சில குடும்பங்கள் ஊருக்குப் போயின. சேட்டு எங்கே போனான் என்று தெரியவில்லை. பவுனும் தர்மனும் நகரத்தைத் தாண்டி எங்கோ ஒற்றை அறைக்குப் போனார்கள். அங்கிருந்து கரோல் பாக் வந்துபோக முடியாது. நிகில் வேறு ஆள் வைத்துக்கொண்டான்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் பவுனு வந்தாள். கடைத்தெருவில் ஏதோ வேலையாக வந்தவள், அப்படியே மேலே ஏறியிருந்தாள். கறுத்து மெலிந்திருந்தாள். புது ஆள் கொடுத்த டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கரை இம்மாம் போடுறா," என்றாள்.

ரெபேக்கா அவள் திட்டட்டும் என்று காத்திருந்தாள். பவுனு திட்டவில்லை.

"அந்தப் படம் இருக்குதா பாப்பா? மரம் இல்லாதது."

ரெபேக்கா திறந்தாள். பவுனு நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டாவது மாடி. படியிலேர்ந்து மூணாவது கதவு."

"தெரியும் அக்கா."

"அதை மட்டும் தொறக்க முடியுமா? ஆபீசுக்கெல்லாம் இல்ல. நான் வச்சிக்கத்தான்."

ரெபேக்கா கதவைப் பெரிதாக்கினாள். நீல பெயிண்ட். தர்மன் அடித்தது. ஓரத்தை வெட்டினாள். கதவை உள்பக்கமாகத் திருப்பினாள். நிலைக்குத் தடிமன் கொடுத்தாள். வெயில் எங்கே விழும் என்று பார்த்துத் தரையில் ஒரு சாய்வு வெளிச்சம் வைத்தாள். கதவு திறந்துகொண்டது. உள்ளே கறுப்பாக இருந்தது.

"உள்ளே என்னக்கா தெரியும்?"

"எதிர்க்க பீரோ. பக்கத்துல தண்ணி டிரம்மு. கட்டில்ல பொண்ணு போனை நோண்டிக்கினு கெடக்கும்."

"போட்டோ ஏதாவது இருக்கா?"

பவுனு போனைக் கொடுத்தாள். ரெபேக்கா தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறந்தநாள், வளைகாப்பு, பொங்கல். எல்லாம் முகங்கள். முகத்துக்குப் பின்னால் ஒரு கை அகலம் சுவர், ஒரு காலண்டர் நுனி. வீட்டை யாரும் எடுத்திருக்கவில்லை.

தன்னிடம் இருந்த படங்களிலிருந்து ஒரு பீரோவை எடுத்து உள்ளே வைத்துப் பார்த்தாள்.

"இது யாரு வூட்டு பீரோ?" என்றாள் பவுனு.

அதை எடுத்தாள். மஞ்சளாக ஒரு பல்பு வெளிச்சம் வைத்தாள். பவுனு தலையை ஆட்டினாள். அதையும் எடுத்தாள். மறுபடி கறுப்பு. மூடிய கதவுகளின் வரிசையில் அந்த ஒன்று மட்டும் திறந்து கிடந்தது.

பவுனு முன்னால் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காலி பண்ணிட்டுப் போன வூடு மாதிரி இருக்குது."

"வேற ஏதாவது செய்து பார்க்கட்டுமா அக்கா? நேரமிருக்கு."

"வேணாம். சாத்திடு." புடவைத் தலைப்பால் போனைத் துடைத்துப் பைக்குள் போட்டாள். "சாத்தியிருந்தப்பதான் நாங்க உள்ள இருந்தோம்."

ரெபேக்கா சாத்தினாள்.